புகைத்தவர் போய்விட்டார், புகை போகவில்லை

ஒரு குடும்பம் மறுவிற்பனை வீடு பார்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்ஆர்டி நிலையம் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கு நடந்தே போகலாம். விலையும் கட்டுப்படியாகிறது. சுவர்களுக்குப் புதிதாகச் சாயம் பூசியிருக்கிறார்கள். சன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. வரவேற்பறையில் எலுமிச்சை வாசம் வீசுகிறது. அம்மாவுக்கும் பாட்டிக்கும் வீடு பிடித்துவிடுகிறது.

சாவி கைக்கு வருகிறது. குடிபுகுந்த முதல் இரவில் சன்னல்களை மூடி ஏர்கானைப் போட்டதும் வேறொரு வாடை கிளம்புகிறது. பழைய சாம்பல் கிண்ணத்தின் வாடை. விசாரித்தால், முன்பு குடியிருந்தவர் பல ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடித்தவர் என்று தெரியவருகிறது. அவர் வீட்டைக் காலிசெய்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அப்படியானால் இந்த வாடை எங்கிருந்து வருகிறது?

“வாடைதானே, போகப் போகச் சரியாகிவிடும்” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஆனால் ஆய்வாளர்கள் இதுபோன்ற வீடுகளின் சுவர்களையும் தூசியையும் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். புகைத்தவர் போன பிறகும் புகையில் இருந்த பொருள்கள் வீட்டிலேயே தங்கியிருப்பதையும், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வருவதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். நம் மூக்குக்கு எட்டும் வாடை அதன் ஒரு சிறு அடையாளம் மட்டுமே.

மூன்றாம் நிலைப் புகை

சிகரெட் பிடிப்பவர் தாமே உள்ளிழுப்பது முதல் நிலைப் புகை. அவர் வெளியே விடுவதையும், எரியும் நுனியிலிருந்து எழுவதையும் பக்கத்தில் இருப்பவர் சுவாசித்தால் அது இரண்டாம் நிலைப் புகை. இந்த இரண்டையும் பள்ளிச் சுகாதாரப் பாடங்களில் கேட்டிருப்பீர்கள்.

சிகரெட் அணைந்த பிறகு சுவர், திரைச்சீலை, மெத்தை, உடை, முடி, தூசி ஆகியவற்றில் படிந்து தங்குவது மூன்றாம் நிலைப் புகை. இந்தப் பெயர் பரவலாக அறியப்பட்டது 2009ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜோனதன் வினிக்காஃபும் அவருடைய குழுவினரும் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை அதற்கு வழிவகுத்தது. குழந்தை இல்லாத நேரத்தில் புகைத்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கும் பெற்றோர்களை மனத்தில் வைத்தே அந்த ஆய்வு நடத்தப்பட்டது.

காற்று தெளியும், சுவர் தெளியாது

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம் கொண்ட ஒரு படுக்கையறை. அதன் கொள்ளளவு 31.2 கன மீட்டர். ஒரு மணி நேரத்தில் அறையின் கொள்ளளவுக்குச் சமமான புதுக்காற்று சன்னல் வழியாக உள்ளே வந்து கலக்கிறது என்று கொள்வோம். முதல் மணி நேர முடிவில் காற்றிலுள்ள புகையில் சுமார் 37 விழுக்காடு மிஞ்சும். இரண்டாவது மணி நேர முடிவில் சுமார் 14 விழுக்காடு. ஐந்து மணி நேரம் கழித்து 1 விழுக்காட்டுக்கும் குறைவு. காற்றை மட்டும் பார்த்தால், காலையில் பிடித்த சிகரெட் மாலைக்குள் போய்விட்டது.

இப்போது பரப்பளவைக் கணக்கிடுங்கள். நான்கு சுவர்களும் சேர்ந்து 36.4 சதுர மீட்டர். தரையும் கூரையும் 24 சதுர மீட்டர். ஆக 60.4 சதுர மீட்டர். அலமாரி, கதவு, மெத்தை, திரைச்சீலை ஆகியவற்றின் பரப்பு இதில் சேரவில்லை. துணியின் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக அளந்தால் பரப்பு பல மடங்காகப் பெருகிவிடும். புகையின் மூலக்கூறுகள் வெளியேற வழி ஒரு சன்னல்தான். ஒட்டிக்கொள்ள இடமோ அறை முழுவதும் இருக்கிறது.

ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவர் ஆண்டுக்கு 7,300 சிகரெட் பிடிக்கிறார். பத்து ஆண்டுகளில் 73,000. ஒரு சிகரெட்டிலுள்ள புகையிலையில் ஏறத்தாழ 10 முதல் 14 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கும். புகைப்பவரின் உடல் ஏற்பது அதில் 1 முதல் 1.5 மில்லிகிராம் அளவுதான். மீதியில் ஒரு பங்கு எரிந்துபோகும், ஒரு பங்கு சிகரெட் துண்டில் தங்கும், இன்னொரு பங்கு அறைக்குள் பரவும். நிக்கோட்டினோடு முடிந்துவிடுவதும் இல்லை. புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை.

குழம்பு டப்பா சொல்லும் பாடம்

மீன் குழம்பை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துக் கழுவினால் பாத்திரம் பளிச்சென்று ஆகிவிடும். அதே குழம்பை பிளாஸ்டிக் டப்பாவில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். எத்தனை முறை தேய்த்தாலும் மஞ்சள் நிறம் போகாது. மூடியைத் திறந்தால் லேசாக வாடையும் வரும். எவர்சில்வரின் மேற்பரப்பில் குழம்பு படிந்தது, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கிலோ எண்ணெயில் கரைந்த நிறமும் மணமும் உள்ளேயே ஊறிவிட்டன.

வீட்டிலும் இப்படித்தான். கண்ணாடியும் பளிங்கு போன்ற தரை ஓடும் எவர்சில்வர் மாதிரி. துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். சுவர்ச் சாயம், மரக் கதவு, அலமாரியின் பலகை, மெத்தை, தரைவிரிப்பு ஆகியவை பிளாஸ்டிக் டப்பா மாதிரி. மூலக்கூறுகள் முதலில் மேற்பரப்பில் ஒட்டுகின்றன. இதைப் பரப்பூன்றல் என்பார்கள். பிறகு அவை மெல்ல உள்ளே ஊடுருவுகின்றன. இது உட்கவர்தல். ஆண்டுக்கணக்கில் புகை படிந்த சுவரில் இந்த ஊடுருவல் ஆழமாக நடந்திருக்கும்.

நிக்கோட்டின் 247 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவம். அறை வெப்பநிலையில் அது கொதிக்காது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். புகைபிடிக்கும் நேரத்தில் காற்றில் நிக்கோட்டின் நிறைய இருப்பதால் அது சுவருக்குள் போகிறது. புகைப்பது நின்று, காற்று சுத்தமானதும் திசை மாறுகிறது. சுவரில் இருப்பது காற்றுக்கு வரத் தொடங்குகிறது. சன்னலைத் திறந்தால் காற்றிலுள்ளது வெளியேறும். மூடினால் சுவர் மறுபடியும் காற்றை நிரப்பும். வெப்பம் கூடினால் இது வேகமாக நடக்கும். அதனால்தான் பகல் முழுவதும் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறக்கும்போது வாடை தூக்கலாக இருக்கிறது.

ஏர்கானுக்கும் இதில் பங்கு உண்டு. நம் வீடுகளில் சுவரில் பொருத்தப்படும் ஏர்கான் பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப அனுப்புகிறது. பல ஆண்டுப் புகையும் தூசியும் அதன் குளிர்ச்சுருளில் படிந்திருக்கும். புதிய குடும்பம் வந்து அதை ஓடவிடும்போது பழைய படிவின் வாடை அறைக்குள் வருகிறது.

சுவரில் ஒரு வேதிவினைக் கூடம்

படிந்தது படிந்தபடியே கிடந்தால்கூடப் பரவாயில்லை. அது மாறவும் செய்கிறது.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மேற்பரப்பில் படிந்த நிக்கோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமில ஆவியோடு வினைபுரிந்து நைட்ரோசமைன் என்ற வகைச் சேர்மங்களை உண்டாக்குகிறது என்பதே அது. மூன்று மணி நேரம் நைட்ரஸ் அமிலம் பட்ட பிறகு, மேற்பரப்பில் இந்தச் சேர்மங்களின் அளவு முன்பு இருந்ததைவிட 10 மடங்கு கூடியிருந்தது. புகைபிடிக்கும் ஒருவருடைய வண்டியின் உட்புறத்திலும் அவை காணப்பட்டன. அவற்றில் ஒன்றான ‘என்என்கே’ என்பதை, புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள்களில் சேர்த்திருக்கிறது.

நைட்ரஸ் அமிலம் வீட்டுக்குள் எப்படி வரும் என்று கேட்பீர்கள். எரிவாயு அடுப்பு எரியும்போது நைட்ரஜன் டைஆக்சைடு உண்டாகிறது. அது ஈரப்பதமுள்ள மேற்பரப்புகளில் பட்டு நைட்ரஸ் அமிலமாக மாறுகிறது. சிகரெட் புகையிலும் அது உண்டு. ஆக, தினமும் சமையல் நடக்கும் சாதாரண வீட்டிலேயே இந்த வினைக்கு வேண்டியவை இருக்கின்றன.

சன்னல் வழியே வரும் ஓசோனும் நிக்கோட்டினோடு வினைபுரியும். அதில் ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. 2013இல் அதே பெர்க்லி ஆய்வுக்கூடம் இன்னொரு சோதனையையும் வெளியிட்டது. புகை படிந்த காகிதத்திலிருந்து எடுத்த சாறு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித உயிரணுக்களின் மரபணுப் பொருளைச் சேதப்படுத்தியது. ஒரே தடவை புகை பட்ட காகிதத்தைவிட, பல மாதங்களாகப் புகை பட்ட காகிதத்தின் சாறு கூடுதல் சேதம் விளைவித்தது.

150 வீடுகளில் நடந்த சோதனை

வீடு மாறும்போது என்ன நடக்கிறது என்பதை நேரடியாகப் பார்த்தவர்கள் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மாட்டும் அவருடைய குழுவினரும். வீடு மாற்றவிருந்த புகைப்பவர்களின் 100 வீடுகளையும், புகைக்காதவர்களின் 50 வீடுகளையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குடியிருந்தவர்கள் போவதற்கு முன் காற்று, தூசி, மேற்பரப்பு ஆகியவற்றில் நிக்கோட்டினை அளந்தார்கள். பிறகு அவற்றில் புகைக்காதவர்கள் குடிவந்த வீடுகளுக்குப் போய் மறுபடியும் அளந்தார்கள். புதியவர்களின் விரல்களைத் துடைத்தும் சோதித்தார்கள். 2011இல் முடிவுகள் வெளிவந்தன.

புகைத்தவர் போனதும் அளவு குறைந்தது உண்மை. ஆனால் புகைக்காதவர்கள் இருந்த வீடுகளின் அளவுக்கு அது இறங்கவில்லை. வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்து, புதியவர்களுக்காகச் சுத்தம் செய்யப்பட்ட பிறகும் தூசியிலும் மேற்பரப்பிலும் நிக்கோட்டின் கூடுதலாகவே இருந்தது. அங்கே குடிவந்த, வாழ்நாளில் சிகரெட்டையே தொடாதவர்களின் விரல்களிலும் அது ஒட்டியிருந்தது. கதவுப்பிடியையும் சுவரையும் தொட்டதன் விளைவு அது.

ஆய்வாளர்கள் நிக்கோட்டினைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுச் சுவரில் அது இருந்தால் புகையிலையைத் தவிர வேறு எதிலிருந்தும் வந்திருக்க வாய்ப்பில்லை. உடலுக்குள் போன நிக்கோட்டின் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. சிறுநீரில் கோட்டினின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், ஒருவர் எந்த அளவுக்குப் புகையிலைப் பொருள்களுக்கு ஆளாகியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

தவழும் குழந்தைக்கு ஏன் கவலை?

ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் எல்லாரும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. கைக்குழந்தை நாள் முழுவதும் தரைக்கு அருகில் இருக்கிறது. தூசியும் அங்கேதான் சேர்கிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும், திரைச்சீலையைச் சப்பும், மெத்தை விரிப்பைக் கடிக்கும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். வளரும் நுரையீரலும் மூளையும் நச்சுப் பொருள்களால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உயிரணுக்களிலும் எலிகளிலும் செய்த சோதனைகளில் கேடு தெரிந்திருக்கிறது. மனிதர்களில் மூன்றாம் நிலைப் புகையால் மட்டும் எத்தனை பேருக்கு எந்த நோய் வந்தது என்று எண்ணிக்கை சொல்லும் நீண்டகால ஆய்வு இன்னும் வரவில்லை. பழைய வாடை உள்ள வீட்டில் ஒரு நாள் தங்கியதற்காக யாரும் அஞ்ச வேண்டாம். ஆண்டுக்கணக்கில் ஒரு குழந்தை வளரப்போகும் வீடு என்றால், தவிர்க்கக்கூடிய ஒன்றைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

மூக்கு ஏமாற்றும், கண்ணும் ஏமாற்றும்

வீடு பார்க்கப் போகும்போது மூக்கை மட்டும் நம்ப முடியாது. ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு பழகிவிடும். அங்கேயே வாழ்பவருக்கு அந்த வாடை தெரியவே தெரியாது. “என் வீட்டில் ஒரு வாடையும் இல்லை” என்று விற்பவர் சொன்னால் அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். அறை நறுமணத் தெளிப்பானும் புதுச் சாயத்தின் மணமும் சில வாரங்களுக்கு மற்ற வாடைகளை மறைத்துவிடும்.

ஆகவே உள்ளே நுழைந்த முதல் நிமிடத்திலேயே கவனியுங்கள். சன்னல்களை மூடி ஏர்கானைப் போடச் சொல்லுங்கள். மூடிக் கிடக்கும் அலமாரிக்குள் முகர்ந்து பாருங்கள். சுவரில் படம் மாட்டியிருந்தால், அதை நகர்த்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். படத்துக்குப் பின்னால் வெளிறிய சதுரமும் சுற்றிலும் மஞ்சள் நிறமும் இருந்தால் சுவரில் ஏதோ படிந்திருக்கிறது என்று பொருள். சாயம் பூசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடங்களையும் பாருங்கள்: கதவின் மேல் விளிம்பு, அலமாரியின் உட்புறம், ஏர்கானின் காற்றுத் துளைகள்.

அதே நேரம் கறையைக் கண்டதும் சிகரெட் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. சாமி அறையில் தினமும் ஊதுபத்தியும் சாம்பிராணியும் ஏற்றினாலும் கூரை கறுக்கும். எண்ணெய்ச் சமையலால் சமையலறைச் சுவர் மஞ்சளாகும். வெள்ளை பிளாஸ்டிக் சுவிட்சுகள் வெயில் பட்டும் வயதாகியும் நிறம் மாறும். கறையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாததால்தான் ஆய்வாளர்கள் நிக்கோட்டினை அளக்கிறார்கள். நமக்கு இருக்கும் எளிய வழி, பணம் கட்டுவதற்கு முன்பே நேராகக் கேட்டுவிடுவதுதான்: “இந்த வீட்டுக்குள் யாராவது புகைபிடித்தார்களா? எத்தனை ஆண்டு? எந்த அறையில்?”

சிங்கப்பூரில் 2013 முதல் அடுக்குமாடிக் கட்டடங்களின் பொதுத் தாழ்வாரம், மாடிப்படி, கீழ்த்தளம் ஆகிய இடங்களில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. சொந்த வீட்டுக்குள் புகைப்பதற்குத் தடை இல்லை. ஆகவே இந்தக் கேள்வியை வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

மீன் கழுவும் புளியும் வினிகரும்

வீட்டை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால்? செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்கான வேதியியல் பாட்டிக்குத் தெரியும்.

மீன் வாடைக்குக் காரணம் அமின் என்ற வகைச் சேர்மம். அது ஒரு காரம். புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ அமிலம். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு உண்டாகும் என்று படித்திருக்கிறீர்கள். உப்பாக மாறிய அமின் காற்றில் எழும்பாது, தண்ணீரில் கரைந்து போய்விடும். அதனால்தான் மீனைப் புளி போட்டுக் கழுவுகிறார்கள்.

நிக்கோட்டினும் ஒரு காரம்தான். நீரில் கலந்த வெள்ளை வினிகரால் சுவரைத் துடைத்தால் மேற்பரப்பிலுள்ள நிக்கோட்டின் உப்பாக மாறித் துணியோடு வந்துவிடும். பிசுபிசுப்பான தார் எண்ணெய்த்தன்மை உள்ளது. அதற்குச் சவர்க்கார நீர் வேண்டும். முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று இரண்டாலும் துடைத்து, நல்ல நீரால் முடிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். வினிகரையும் வெளுக்கும் திரவத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். சலவைக்கல் தரையில் வினிகரை ஊற்றாதீர்கள். சலவைக்கல் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்து பளபளப்பை இழக்கும்.

சுத்தம் செய்வதை இந்த வரிசையில் யோசிக்கலாம்:

முதலில், ஊறிப்போன மென்பொருள்களை அகற்றுங்கள். பழைய திரைச்சீலை, தரைவிரிப்பு, மெத்தை ஆகியவற்றைத் துவைத்துச் சரிசெய்வதைவிடத் தூக்கிப்போடுவதே நல்லது.

இரண்டாவது, தூசியை எடுங்கள். நுண்வடிகட்டி பொருத்திய தூசி உறிஞ்சி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி மறுபடியும் காற்றில் எழும்.

மூன்றாவது, சுவர், கூரை, கதவு, அலமாரியின் உட்புறம் எல்லாவற்றையும் கழுவுங்கள். ஏர்கானைப் பிரித்து வேதிக் கழுவல் செய்யும் ஊழியரை அழையுங்கள்.

நான்காவது, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, கறையைத் தடுக்கும் அடிப்பூச்சைப் பூசி அதன்மேல் சாயம் அடியுங்கள். கழுவாத சுவரில் சாதாரண நீர்ச்சாயத்தை நேரடியாகப் பூசினால் மஞ்சள் கறை சில வாரங்களில் மேலே கசிந்து வரக்கூடும். சாயப் படலத்தினூடே நிக்கோட்டினும் ஊடுருவி வரும்.

ஐந்தாவது, சில வாரங்கள் கழித்து மறுபடியும் துடையுங்கள். ஜார்ஜ் மாட்டின் குழுவினர் பின்னர் அடுக்குமாடி வீடுகளைச் சுத்தம் செய்து பார்த்தபோது, நிக்கோட்டின் உடனே குறைந்து, சில மாதங்களுக்குள் மீண்டும் ஏறியது. மேற்பரப்பு சுத்தமானதும் ஆழத்தில் இருந்தது மேலே வந்துவிட்டது. ஒரு தடவை கழுவி முடிக்கும் வேலை இது இல்லை.

ஓசோன் கருவியை ஒரு நாள் ஓடவிட்டால் வாடை போய்விடும் என்று விளம்பரங்கள் சொல்லும். ஓசோன் நிக்கோட்டினோடு வினைபுரிந்து என்ன உண்டாக்கும் என்று மேலே பார்த்தோம். வாடை குறையலாம், அதற்குப் பதிலாக வேறு நச்சுப் பொருள்கள் வரும். ஓசோனே நுரையீரலை உறுத்தும் வாயு. ஆள் இருக்கும் வீட்டில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

வெளியே புகைத்துவிட்டு வந்தால் போதுமா?

சுத்தம் செய்த வீட்டுக்கும் புகை திரும்பி வர ஒரு வழி உண்டு. அது நம் உடை. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் புகைபிடிக்கத் தடை உள்ள ஒரு திரையரங்கின் காற்றை ஆய்வாளர்கள் அளந்து 2020இல் வெளியிட்டார்கள். பார்வையாளர்கள் உள்ளே வந்ததும் புகையிலைப் பொருள்களின் அளவு திடீரென்று உயர்ந்தது. வயது வந்தோருக்கான படங்கள் ஓடிய காட்சிகளில் உயர்வு அதிகம். உள்ளே யாரும் ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்கவில்லை. உடையிலும் உடலிலும் ஒட்டிவந்தது மட்டுமே, 1 முதல் 10 சிகரெட்டின் இரண்டாம் நிலைப் புகைக்கு நிகராக இருந்தது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள டிரெக்சல் பல்கலைக்கழகத்தில், யாரும் புகைக்காத ஒரு வகுப்பறையின் காற்றைச் சோதித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, காற்றில் மிதந்த நுண்துகள்களின் எடையில் 29 விழுக்காடு மூன்றாம் நிலைப் புகையிலிருந்து வந்தது.

இதற்காக வீட்டில் புகைக்கும் அப்பாவையோ தாத்தாவையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. அவர்களில் பலர் இந்த ஆய்வுகள் எவையும் இல்லாத காலத்தில் பழகியவர்கள். நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்பதால் நினைத்தவுடன் விட்டுவிடவும் முடியாது. நாம் கேட்டுக்கொள்ளக்கூடியவை சில உண்டு. வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் புகைக்க வேண்டாம். அனுமதிக்கப்பட்ட இடத்தில் புகைத்துவிட்டு வந்தால், குழந்தையைத் தூக்கும் முன் கை கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். விட நினைப்பவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஐ குவிட்’ திட்டம் துணை நிற்கும். மின்சிகரெட் இதற்கு மாற்று ஆகாது. அதன் ஆவியும் மேற்பரப்புகளில் நிக்கோட்டினைப் படியவிடுகிறது. அதோடு சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம்.

வீட்டுக்குள் பிடிக்கும் ஒரு சிகரெட் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் கணக்கு முடிவதற்குள் அந்த வீடு கைமாறி, வேறொரு குடும்பத்தின் பிள்ளை அங்கே தவழத் தொடங்கியிருக்கலாம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, சிறு பருத்தித் துணிகள் இரண்டு, ஒரு வெங்காயம்.

வெங்காயத்தை நறுக்கி இரண்டு டப்பாக்களிலும் சம அளவு போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துணியை வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் வெங்காயத்தை அகற்றி, டப்பாக்களைச் சவர்க்காரம் போட்டு ஒரே மாதிரி கழுவிக் காயவையுங்கள். துணிகளை மட்டும் கழுவாமல் காற்றாட விடுங்கள். பிறகு டப்பாக்களைக் காலியாக மூடி ஒரு நாள் வையுங்கள்.

இப்போது எந்த டப்பாவில் வாடை வருகிறது? மூடிய டப்பாவைச் சிறிது நேரம் வெயிலில் வைத்துத் திறந்தால் வாடை கூடுகிறதா? காற்றாடிய துணியில் வாடை எத்தனை நாள் நிற்கிறது? வீட்டில் மூன்று பேரிடம், எது எந்த டப்பா என்று சொல்லாமல் முகரச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முடிவுகளைப் பரப்பூன்றல், உட்கவர்தல், ஆவியாதல் என்ற மூன்று சொற்களைக் கொண்டு விளக்கி எழுதிப் பாருங்கள்.